ஆறு மாதமா, ஐயாயிரமா?

“ஒண்டு, ரெண்டு, மூண்டு... தள்ளு!”

பெரியமாமாவின் குரலுக்கு ஆறு ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சாம்பல் நிறக் கார் ஒரு தரம் முன்னும் பின்னுமாக ஆடியது. பிறகு நின்ற இடத்திலேயே நின்றது.

“அய்யே, மேக்க யன்னே நே” என்று கட்டடக் காவலுக்கு நிற்கும் வொச்சர் சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தான். அது போகாது என்று அவனுக்கு இரண்டு நாளாகவே தெரியும்.

ஹம்சிகா அந்தக் காரின் சாவியோடு தூணோரம் நின்றாள். கியர் பூட்டிக் கிடக்கும் காரைத் தள்ளி நகர்த்த முடியாது என்பது அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அப்பாதான் அதை விளங்கப்படுத்தினார். ஏழரை மணிக்கு அப்பா இல்லை.

இன்று செவ்வாய். பத்து மணிக்கு அவரைக் கொண்டு வருகிறார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள மாடிக் கட்டடங்களில் சாவு விழுந்தால், கீழ்த்தளத்துக் கார் தரிப்பிடம்தான் சாவு வீடு. லிஃப்டுக்குள் பெட்டி நுழையாது. படிக்கட்டில் திருப்ப ஏலாது. எல்லாரும் தங்கள் வாகனங்களை ஒழுங்கையில் கொண்டுபோய் விட, வொச்சர் எண்ணெய்க் கறையில் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பான். பிளாஸ்டிக் கதிரைகள் வரும். இன்றும் விடிய எட்டு மணிக்குள் பதினொரு வாகனங்கள் வெளியே போய்விட்டன. மிஞ்சியது இரண்டு. சுவரோரம் உள்ளே நிற்பது அப்பாவின் பழைய நீலக் கார். அதன் பின்புறத்தோடு ஒட்டி, வழியை அடைத்துக்கொண்டு நிற்பது எதிர்வீட்டு மர்ஸூக்கின் சாம்பல் கார்.

நான்காம் மாடியின் இரண்டு வீட்டுக்கும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் இடம். வெளியே நிற்பதை எடுத்தால்தான் உள்ளே நிற்பது வரும். அதனால் இரண்டு காரின் சாவியும் இரண்டு வீட்டிலும் தொங்கும். பதின்மூன்று வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. வாக்குவாதம் மட்டும் உண்டு. அதுவும் ஒரே விஷயத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை தோறும்.

அப்பா சண்முகலிங்கம் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். “ஆறு மாதம், இல்லாட்டி ஐயாயிரம் கிலோமீற்றர். எது முதல் வருதோ, அண்டைக்கு சேர்விஸ்” என்பார்.

“ஓடினாத்தானே ஐயா சேர்விஸ்?” என்பார் மர்ஸூக். அவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. போய் வருவது ரயிலில். “இது ஆறு மாசத்துல எழுநூறு கிலோமீற்றர் ஓடல்ல. பசிக்காத புள்ளைக்கு ஏன் சோறு தீத்திற?”

“ஓடுற காரை விட நிக்கிற கார்தான், மர்ஸூக் நானா, கெதியாப் பழுதாகும்.”

“அப்ப நீங்க ரிட்டையர் ஆகி வீட்டுல நிக்கிறீங்களே, உங்களுக்கு எப்ப சேர்விஸ்?”

அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த ஞாயிறு, அதே கேள்வியில் இருந்து மறுபடி தொடங்குவார்.

ஐந்து வாரத்துக்கு முன் மர்ஸூக்கும் மனைவி லுத்பியாவும் மகளின் பிரசவத்துக்காக தோஹாவுக்குப் புறப்பட்டார்கள். லிஃப்டுக்காக நிற்கும்போது மர்ஸூக் ஹம்சிகாவிடம் மெதுவாகச் சொன்னார்: “மூணு நாளைக்கு ஒருக்கா, ஒரு பத்து நிமிஷம் காரை ஸ்டார்ட்ல விடுங்க மகள். ஐயாட்டச் சொல்ல வேணாம். சொன்னா நான் வாறதுக்குள்ள கொண்டு போய் சேர்விஸ் பண்ணிப் போடுவார். பொறகு மவுத்தாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்.”

அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

முதல் வாரம் இரண்டு தரம் இறங்கிப் போனாள். பிறகு போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. இன்ஷூரன்ஸ் கந்தோரில் இருந்து வீட்டுக்கு வர ஏழு மணியாகும். அம்மாவின் பிரஷர் குளிசை, அப்பாவின் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு விடும் சொட்டு மருந்து, லண்டனில் இருக்கும் அண்ணா இங்கே வாங்கிப் போட்டிருக்கும் வீட்டின் வாடகைக்காரர், மூன்றாம் மாடிக்காரர் ஊருக்குப் போனால் அவர்களுடைய மீன்தொட்டி. “ஹம்சியிட்டக் குடுத்தாச் சரி” என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, முப்பத்தாறு வயதில் அவள் எல்லார் சாவியும் தொங்கும் ஒரு பலகை ஆகியிருந்தாள். ஒரு நாள் லிஃப்டின் பொத்தானில் விரலை வைத்துவிட்டு, ‘இதையாவது செய்யாமல் விடுவோம்’ என்று நினைத்தாள். விட்டாள். விட்டதில் ஒரு சின்னச் சுகம்கூட இருந்தது.

மர்ஸூக் வாட்ஸப்பில் கேட்பார்: “ஸ்டார்ட் பண்ணின தானே மகள்?” அவள் கட்டைவிரல் ஒன்றை அனுப்புவாள். அப்படி ஏழு கட்டைவிரல்.

ஞாயிறு காலை அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு, “வாயு போலதான் கிடக்கு. எதுக்கும் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போவம். எங்கட காரிலயே போவம்” என்று தானாகவே சேர்ட் மாட்டி இறங்கி வந்தார். வொச்சரின் கதிரையில் இருந்தார். அவள் சாம்பல் காரின் பொத்தானை அழுத்தினாள். டிக், டிக் என்றது.

“லைற் வருதா?”

“மங்கலா வருதப்பா.”

“அப்ப பட்டரி. இந்த ஹைபிரிட் சாதிக் கார் பட்டரி இறங்கினா கியர் கழராது. தள்ளியும் வேலையில்லை. ஜம்பர் வயர் என்ர காரில கிடக்கு, பின்கதவைத் திற.”

பின்கதவைத் திறக்க இடம் இல்லை. இரண்டு காருக்கும் நடுவே ஒரு சாண். அவள் பக்கக் கதவால் ஏறி, பின்சீற்றுக்கு மேலால் குனிந்து, பெட்டிகளுக்குள் கைவிட்டுத் துழாவினாள். வயரை எடுத்தபோது, மற்றக் காரின் பட்டரி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியும். மூச்சு வாங்கியதில் அவரால் அப்போது எழும்பவோ விளக்கிச் சொல்லவோ முடியவில்லை. இருபது நிமிடம் அப்படிப் போனது. கடைசியில் வொச்சர் காலி வீதிக்கு ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தான்.

ஓட்டோவில் அவருக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அம்மா. அப்பா அவள் தோளில் சாய்ந்தபடி சொன்னார். “நான் மர்ஸூக்குக்குச் சொன்னனான்தானே... சேர்விஸுக்கு விடச் சொல்லி.”

‘இல்லையப்பா’ என்று ஒரு சொல் அவள் தொண்டைவரை வந்தது. சிக்னலில் ஓட்டோ நின்றது. பிறகு சொல்லலாம் என்று விட்டாள். பிறகு அவர் கேட்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால்” என்று டொக்டர் சொன்னார். அம்மா நேசமலர் ஓட்டோவில் அப்பா சொன்னதையும் டொக்டர் சொன்னதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள். வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள். இரண்டு நாளில் அது தெஹிவளை, கொட்டாஞ்சேனை, லண்டன், டொரொண்டோ எல்லாம் போய்விட்டது. சண்முகலிங்கம் சொல்லச் சொல்லக் கேளாமல் மர்ஸூக் சேர்விஸ் செய்யாமல் விட்ட காரால் சண்முகலிங்கம் போனார்.

“ஆற்ற கார் இது?”

அண்ணா கிஷாந்த் ஈர வேட்டியோடு லிஃப்டில் இருந்து வந்தான். விடியற்காலை விமானத்தில் இறங்கியவன். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. யாருடைய கார் என்று அவனுக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்பதற்காகவே கேட்டான்.

கதிரை அடுக்கிக்கொண்டிருந்த மர்ஸூக் நிமிர்ந்தார். செய்தி கேட்டு மனைவியை மகளோடு விட்டுவிட்டு நேற்றுக் காலை வந்தவர். வந்த நேரம் முதல் ஓடி ஓடி வேலை செய்துகொண்டிருந்தார். ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

“என்ட தம்பி.”

“ஒரு பட்டரி அங்கிள்” என்றான் கிஷாந்த். குரலை உயர்த்தவில்லை. “ஒரு பட்டரி செக் பண்ண அஞ்சு நிமிஷம். அப்பா உங்களுக்கு எத்தினை தரம் சொன்னவர்?”

“சொன்ன தம்பி. எத்தின தரமோ சொன்ன.”

“பிறகு?”

“நான் பகிடி எண்டு நெனச்ச.”

பெரியமாமா, “சரி சரி, இப்ப இதைக் கதைக்கிற நேரமில்லை” என்று கிஷாந்தின் தோளில் கை வைத்தார். வைத்துவிட்டு மர்ஸூக்கைப் பார்த்தார். அந்தப் பார்வை, வேறொரு நேரத்தில் கட்டாயம் கதைக்க வேண்டும் என்றது.

ஹம்சிகா சாவியை மற்றக் கைக்கு மாற்றினாள். இப்போது சொல்ல வேண்டும். இப்போதே. அவள் ஓரடி வைத்தாள். ஒழுங்கையில் ஒரு வான் திரும்பிப் பின்பக்கமாக வந்தது. அழகுமுத்து இறங்கினார்.

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருப்பவர் அழகுமுத்து. அப்பாவின் நீலக் காரை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தவறாமல் பார்த்தவர். வந்ததும் நீலக் காரின் கூரையைக் கையால் ஒரு தரம் தடவினார். பிறகு வயரையும் மீற்றரையும் எடுத்துக்கொண்டு சாம்பல் காருக்குள் ஏறினார்.

“எங்க ஐயா சொன்னா சொன்னதுதான்” என்று முனகினார். “மழையோ, வெள்ளமோ, பெற்றோல் கியூவோ, ஆறு மாசம்னா வந்து நிப்பாரு.”

தன் வானின் பட்டரியில் இருந்து அவர் மின்சாரம் கொடுத்ததும் சாம்பல் கார் உயிர் பெற்றது. சத்தமே இல்லாமல் முன்விளக்கு எரிந்தது. கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டுக் கலைந்தது. குருக்களுக்கு வேண்டிய சாமான் எங்கே என்று யாரோ கூப்பிட, கிஷாந்தும் பெரியமாமாவும் அந்தப் பக்கம் போனார்கள். காருக்கு அருகே மூன்று பேர் மட்டும் நின்றார்கள்.

அழகுமுத்து கொஞ்ச நேரம் ஓட விட்டார். மீற்றரை வைத்துப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

“பட்டரில ஒரு கோளாறும் இல்லீங்களே. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்.”

“அப்ப ஏன் செத்த?” என்றார் மர்ஸூக்.

“சும்மா நின்னிருக்கு. பூட்டி வச்சாலும் அலாரம், கடிகாரம்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். மூனு நாலு வாரமா யாரும் ஸ்டார்ட் பண்ணல போல.”

“இல்லயே, மகள் மூணு நாளைக்கு ஒருக்கா...”

மர்ஸூக் நிறுத்தினார். ஹம்சிகாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். வொச்சர் தேய்த்தும் போகாத எண்ணெய்க் கறை ஒன்று அங்கே இலங்கைப் படம் மாதிரிக் கிடந்தது.

ஒரு நிமிடம் இருக்கும். அதற்குள் மர்ஸூக்கின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. இரண்டு நாளாகக் குனிந்திருந்த முதுகு ஒரு கணம் நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். யாருக்குத்தான் நிமிராது? கிஷாந்தை இங்கே கூப்பிட்டு, அழகுமுத்துவைக் காட்டி, ‘கேளுங்க தம்பி’ என்று சொன்னால் போதும்.

“புதுசு ஒண்டு கொண்டு வந்தீக்கிறீங்களா?” என்று மர்ஸூக் அழகுமுத்துவிடம் கேட்டார்.

“வான்ல இருக்கு. ஆனா தேவையில்லீங்க, இதுவே...”

“மாத்துங்க.”

“நல்ல பட்டரிங்க.”

“மாத்துங்க எண்டு சொன்ன.”

அழகுமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பானரை எடுக்க வானுக்குப் போனார்.

“ஏன் அங்கிள்?” அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“கோவம் இல்லாம இல்ல மகள்” என்றார் மர்ஸூக், பொனற்றைப் பிடித்தபடி. “ஒங்கட உம்மா நேத்து என்ட மூஞ்சிக்கு முன்னுக்குக் கதவச் சாத்தின. சரி, எனக்கும் ஒரு கதவு ஈக்கி, நானும் சாத்திக்கலாம். நீங்க என்ன செய்யப் போற? நீங்க அந்த வீட்டுக்குள்ளதானே ஈக்கணும்.”

“இல்லை அங்கிள், நான் இப்பவே அண்ணாட்ட...”

“என்னவாம்?” கிஷாந்த் பின்னால் வந்து நின்றான். “என்ன பிழையாம் கார்?”

“பட்டரி முடிஞ்ச தம்பி” என்றார் மர்ஸூக். “புதுசு போடச் சொல்லீக்கிற. என்ட பிழதான். ஐயா சொன்ன நேரம் விட்டீந்தா...”

கழற்றிய பட்டரியை அழகுமுத்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். எல்லாரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா கதிரையில் இருந்து அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த நாசமாப் போன சாமானைப் பார் கிஷாந்த்! அதுதான்ரா உன்ர அப்பாவை...”

மர்ஸூக் தன் காரை எடுத்து வெளியே விட்டார். கிஷாந்த் நீலக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினான். கார் மட்டும் சீராக உறுமிக்கொண்டு நின்றது.

பத்தே காலுக்குப் பெட்டி வந்தது.

பிறகு எல்லாம் அதன்பாட்டில் நடந்தன. சாம்பிராணிப் புகை சீமெந்துக் கூரையில் முட்டி வெளியே போக வழி தெரியாமல் சுழன்றது. தேவாரம் படித்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அவள் அப்பாவின் முகத்துக்கு மிக அருகே குனிந்தாள். சொல்ல நினைத்தாள். பின்னால் நின்ற பெண் அவளை மெதுவாகத் தள்ளி, “கெதியாப் போட்டிட்டு வா பிள்ளை, இன்னும் ஆக்கள் நிக்குது” என்றாள். நான்கு தரம் அண்ணாவின் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு தரம் குருக்கள் கூப்பிட்டார், ஒரு தரம் லண்டனில் இருந்து அண்ணி வீடியோவில் அழுதாள், ஒரு தரம் அவன் அவளைக் கட்டிப்பிடித்து, “நீ தனிய எவ்வளவு பாடுபட்டிருப்பாய் ஹம்சி” என்றான். நான்காம் தரம் அவளே திரும்பி வந்துவிட்டாள்.

இரண்டு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். கிஷாந்த் முன்னால் பிரேத ஊர்தியில் ஏறினான். ஆண்கள் கிடைத்த வாகனங்களில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒழுங்கையின் முடிவில் மர்ஸூக்கின் கார் நான்கு கதவும் மூடியபடி நின்றது. அதில் ஏற யாரும் போகவில்லை.

ஹம்சிகா போய் முன்கதவைத் திறந்து ஏறினாள்.

“எங்கை போறாய்? பொம்பிளையள் போறேல்லை!” என்றாள் அம்மா.

“நான் போறன் அம்மா.”

“போனாப் போகட்டும் தங்கச்சி, இப்ப கொழும்பில எல்லாரும் போயினம். நான் துணைக்குப் போறன்” என்று பெரியமாமா வந்து பின்சீற்றில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

காலி வீதியில் ஊர்தி மெதுவாக ஊர்ந்தது. மர்ஸூக் அதன் பின்னால் விட்டார். தெஹிவளையைத் தாண்டினார்கள்.

“சேர்விஸ் எல்லாம் இப்ப சரிதானே மர்ஸூக்?” என்றார் பெரியமாமா. “கல்கிசை மயானம் மட்டும் போகுமோ? நடுவழியில நிண்டிடாதே?”

“நிக்காது.”

“ஒரு ஆளைக் குடுத்தெல்லோ உங்களுக்குப் பட்டரி மாத்த வேண்டியிருந்தது.”

மர்ஸூக்கின் கண் ஊர்தியின் பின்விளக்கை விட்டு அகலவில்லை.

“மாமா” என்றாள் ஹம்சிகா. “பட்டரி பழுதில்லை. அங்கிள் போகேக்க என்னட்டத்தான் காரை ஸ்டார்ட் பண்ணிவிடச் சொன்னவர். நான் இருபத்தெட்டு நாள் அதைத் தொடேல்லை. கேட்ட நேரமெல்லாம் பண்ணினனான் எண்டு பொய் சொன்னனான். அதாலதான் அது செத்தது.”

சொல்லிவிட்டாள். ஏதோ இடியப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தாள்.

பின்னால் இருந்து பெரியமாமாவின் கை வந்து அவளுடைய தலையை மெதுவாகத் தடவியது.

“எனக்கு விளங்குது பிள்ளை. உனக்கு அப்படியே கொப்பற்ற குணம். பக்கத்து வீட்டு மனிசன் நோகக்கூடாது எண்டு பாக்கிறாய்.”

“இல்லை மாமா, உண்மையாத்தான்...”

“பழைய பட்டரியைத் தூக்கிக்கொண்டு போனதை நான் கண்ணால பாத்தனான். கொப்பர் தன்ர வாயால சொல்லிட்டுப் போனவர். நீ ஏன் மாத்திறாய்? ரெண்டு நாளா நித்திரை இல்லை உனக்கு. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு வா.”

அவள் மர்ஸூக்கின் பக்கம் திரும்பினாள். “அங்கிள், நீங்க சொல்லுங்கோ.”

சிவப்பு விழுந்தது. சந்தியின் அந்தப் பக்கம் வெள்ளைக் கையுறை போட்ட பொலிஸ்காரன் ஒருவன் நின்றான்.

“பெல்ட்டப் போடுங்க மகள்” என்றார் மர்ஸூக். “முன்னுக்குப் பொலிஸ் நிக்கிது.”

அவள் வெடுக்கென்று இழுத்தாள். பட்டி பாதியில் இறுகி நின்றது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் இறுகியது. பச்சை விழுந்து ஊர்தி நகர்ந்தது. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, இன்னொன்றும் அடித்தது. மர்ஸூக் பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை. அவள் மூன்றாம் தரம் மெதுவாக, மிக மெதுவாக இழுத்து மாட்டும் வரை நேரே பார்த்தபடி இருந்தார்.